இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பொறுப்பெடுத்த அக்கா மகனை 200 மைல் தள்ளி ஒரு சிறுவர் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள், யாரிடம் கேட்பது?

அவனைப் பொறுப்பெடுத்த அந்தக் கவுன்சில்தான் பொறுப்பு. "பல கவுன்சில்கள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் வழியாக வந்த இடம், எங்களால் எதுவும் செய்ய முடியாது" என்று சமூகப் பணியாளர் சொன்னதை ஏற்காதீர்கள். அது சேர்ந்து இடம் வாங்கும் ஏற்பாடு மட்டும்தான், 1989 சிறுவர் சட்டப்படி பையனைப் பராமரிக்கும் கடமை அவனைப் பொறுப்பெடுத்த கவுன்சிலோடேயே இருக்கிறது.

இவ்வளவு தூரம் போனதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்த ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் இல்லங்கள் பிள்ளையை மறுக்கலாம், அதிலும் ஆட்டிசத்தோடு கோபவெறியும் இருந்தால் பக்கத்தில் இருப்பவை வரிசையாக மறுத்துவிடும், கடைசியில் சம்மதித்த இடத்துக்கே அனுப்புவார்கள். இங்கிலாந்தில் இல்லங்கள் வடமேற்கில்தான் குவிந்து கிடக்கின்றன, லண்டன் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய கொடுமை.

சரி, செய்ய வேண்டியது:

1. எந்தெந்த இல்லங்களைக் கேட்டார்கள், ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.
2. பக்கத்துக் கவுன்சில் எல்லையையும் தாண்டி அனுப்பினால் அவனைப் பொறுப்பெடுத்த கவுன்சிலின் சிறுவர் சேவை இயக்குநரே ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் இருக்கிறதா, எந்தத் தேதியில் என்று பாருங்கள்.
3. பையனின் பராமரிப்புத் திட்டத்தை மறுஆய்வு செய்யும் ஐஆர்ஓ எனும் சுயாதீன மறுஆய்வு அதிகாரியிடம் அடுத்த மறுஆய்வுக் கூட்டத்துக்குக் காத்திராமல் இப்போதே பேசுங்கள்.

ஒன்று மட்டும், நீங்கள் சித்தி என்பதால் ஆவணங்களைத் தர மறுக்கலாம், அக்காவின் பெயரிலேயே கடிதம் போகட்டும். ஸ்காட்லாந்து என்றால் சட்டமே வேறு.