கைப்பையும் சலவைக் கணக்கும்

கேள்வி: இங்கிலாந்துத் துப்பறியும் கதைகளில் கொலை ஏன் எப்போது பார்த்தாலும் ஓர் அமைதியான கிராமத்தில் நடக்கிறது? அவ்வளவு சின்ன ஊரில் கொலை என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: ‘அமைதியான’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. லண்டன் தெருவில் ஒரு பெண் கைப்பை இல்லாமல் நடந்து போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அமைதியான ஊரில் கேட் கிரீச்சிட்டாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். கொலையைக் கண்டுபிடிக்க அந்த அமைதிதான் வேண்டும். அகதா கிறிஸ்டி 1930-ல் வெளியிட்ட முதல் மிஸ் மார்ப்பிள் நாவலில், துப்பறியும் மூதாட்டியான அந்த அம்மாள் தோட்ட வேலை பார்த்தபடியே பாதிரியார் வீட்டுப் பக்கம் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கவனித்துவிடுகிறார். பறவை பார்க்க பைனாகுலர் வேறு வைத்திருக்கிறார். ஒரு பெண்ணின் கையில் பை இல்லை என்பது அவர் கண்ணில்தான் படுகிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லிக் கெடுப்பவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை.

அப்புறம், நம்புவது பற்றி. இது நிஜமாகவே நடந்தது. 1860 ஜூன் கடைசியில் ரோட் என்ற கிராமத்தில், கென்ட் குடும்பத்தின் மூன்று வயது மகன் இரவோடு இரவாகக் காணாமல் போனான். வீட்டு வளாகத்திலிருந்த கழிப்பறைக்குள் கழுத்தறுபட்டுக் கிடந்தான். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த துப்பறியும் அதிகாரி விச்சர், சலவைக்குப் போன துணிகளின் கணக்கைப் பார்த்தார். குழந்தையின் பதினாறு வயது அக்கா கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள், ஒன்றைக் காணோம். அவளைக் கைது செய்தார். கனவான் வீட்டு அழுக்குத் துணியை ஒரு போலீஸ்காரர் எண்ணுவதா என்று பலரும் கொதித்தார்கள். பெண்ணை விட்டுவிட்டார்கள், விச்சரின் பெயர் கெட்டது. 1865-ல் அவளே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்! அந்த மனிதருக்காக எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. 1868-ல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ நாவலிலும் ஓர் இரவு உடைதான் முக்கியத் தடயம்.

சலவைக் கணக்கு, கைப்பை, தேநீர் வேளைப் பேச்சு. தடயம் ஒளிந்திருப்பது இங்கேதான். ‘சுருக்கமான பதிப்பு’ போடுகிறவர்கள் வளவளப்பு என்று முதலில் கத்தரி வைப்பதும் இங்கேதான். மார்ப்பிள் நாவலில் பாதிரியார் தன் அறைக் கடிகாரத்தை எப்போதும் கால் மணி நேரம் முன்னதாகவே வைத்திருப்பார். அந்த ஒரு வரியை வெட்டிவிட்டால் கொலை நடந்த நேரத்தை வாசகர் எப்படிக் கணக்குப் போடுவார்? துப்பறிபவர் கண்ட தடயத்தை அப்போதே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே விதி எழுதினார். அவரும் ஒரு பாதிரியார்தான். எழுத்தாளர் காப்பாற்றிய அந்த விதியைப் பதிப்பாளர் மீறுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

சரி, நம்பும்படி இல்லை என்கிறீர்களே, நீங்கள் படித்தது முழுப் பதிப்பா, சுருக்கமா? அதை முதலில் எழுதுங்கள்.