பிராக்கியோபாட் என்ற இரட்டை ஓட்டுக் கடலுயிர் கெராங் (சிப்பி) இனமா? கல்லில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக்குப் பின்னால் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் ஓட்டுத் தடம் பார்த்ததாகச் சொல்லி, அது கெராங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கிந்தா பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை ஆதியில் கடலடிப் படிவு. நிறைய இடத்தில் அது பளிங்காக மாறியதால் தடங்கள் அழிந்துவிட்டன. மிஞ்சியவை அரிது, ஆகவே கல்லை உடைக்காதீர்கள்.

பிராக்கியோபாட்டுக்கும் இரண்டு ஓடுதான், ஆனால் கெராங்குக்கு உறவில்லை. அது தனித் தொகுதி. ஓட்டின் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். இடமும் வலமும் ஒத்திருந்து, மேலோடும் கீழோடும் வேறுபட்டால் பெரும்பாலும் பிராக்கியோபாட். கெராங்கில் இது தலைகீழ்: இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்.

முன்பு பிராக்கியோபாட்களை, ஓடுகளைப் பிணைக்கும் கீல்பற்கள் உள்ளவை, இல்லாதவை என இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது லிங்குலிஃபார்மியா, கிரேனிஃபார்மியா, ரிங்கோனெல்லிஃபார்மியா என்று மூன்று. முதல் வகையின் ஓடு கால்சியம் பாஸ்பேட்; மற்ற இரண்டும் சுண்ணாம்பு. எனக்கு இந்தப் பிரிப்புதான் பொருத்தமாகத் தோன்றுகிறது, கீல் மட்டும் வம்சத்தைக் காட்டாது.

கேம்பிரியன் காலத்திலேயே, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இவை வந்துவிட்டன. கேம்பிரியன் முதல் பெர்மியன் வரையிலான பேலியோசோயிக் யுகத்தின் கடலடியில் இவற்றின் ராஜ்ஜியம்தான். அப்புறம் சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் இறுதியில் வந்த பேரழிவில் பெரும்பகுதி போயிற்று. முட்கள் கொண்ட புரொடக்டிட் கூட்டம் கிட்டத்தட்ட துடைத்தெறியப்பட்டது. ஸ்பிரிஃபெரிட் என்ற இன்னொரு கூட்டம் ஜுராசிக் காலம் வரை இழுத்துப் பிடித்தது. இன்று உயிரோடிருப்பவை சுமார் 400 இனங்கள். அவற்றில் லிங்குலா என்ற பேரினத்தை நம் கடலோரச் சேற்றிலேயே பார்க்கலாம்.