நோட்டுக்குள் ஒரு கழுகு

வணக்கம் ஐயா,

என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எந்நேரமும் காதில் ஹிப் ஹாப். 200 பக்க நோட்டு முழுக்க ‘கழுகு’ என்று ஒரே சொல்லைக் கோணல்மாணலாக எழுதி வைத்திருக்கிறான். கேட்டால் கிராஃபிட்டி என்கிறான். ஸ்பிரே டப்பா வாங்கக் காசு கேட்கிறான். அவன் இல்லாதபோது ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டிக் கத்துவதும் அடுத்தவர் சுவரில் கிறுக்குவதும் கலையா? இதனால் சமூகத்துக்கு என்ன நன்மை? சென்னை கண்ணகி நகர் வீட்டுச் சுவர்களில் வரைந்திருப்பதுபோல அழகாக வரைந்தாலாவது ஒப்புக்கொள்ளலாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சமூக நன்மையை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். நாகசுரத்தை நிறுத்திவைத்து ‘உன்னால் ஊருக்கு என்ன லாபம்’ என்று யாரும் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளைகள் கண்டுபிடித்த கலை என்றால் மட்டும் கணக்குக் கேட்கிறோம்.

‘வெட்டி ஒட்டுவது’ என்கிறீர்கள். ஒருமுறை கையால் செய்துபார்த்தவர் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகப் போடமாட்டார். ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் நாள் 1973 ஆகஸ்ட் 11. இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடி. அங்கே நடந்த பார்ட்டியில் இசைத்தட்டு போட்டவர் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். பாட்டும் மற்ற வாத்தியங்களும் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதைக் கவனித்தவர் அவர். அந்தத் துண்டுக்குப் பெயர் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள், தட்டைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள்கள். ஒன்றில் பிரேக் முடிகிற நேரத்தில் மற்றதில் அதையே தொடக்கத்திலிருந்து விட்டால் ஆறு விநாடியை ஆறு நிமிடமாக இழுக்கலாம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். ஆறு விநாடி பிரேக் என்றால் மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலே. ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதை அத்தனை சுற்றுப் பின்னால் திருப்பி, அடி விழும் புள்ளியில் பிடித்துவைத்து, தாளம் தப்பாமல் விட வேண்டும். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற இன்னொரு பிராங்க்ஸ் டிஜே தட்டின்மேல் கிரேயானால் குறி போட்டு, சுற்றுகளை எண்ணி இதைத் துல்லியமாக்கினார். தட்டுக்கு அடியில் வழுக்கும் துணி வட்டம் ஒன்றை வைத்தார். மேலே கையால் பிடித்தாலும் கீழே சுழற்சி நிற்காது. பெல்ட்டில் ஓடும் மலிவு டர்ன்டேபிளில் இதெல்லாம் நடக்காது. கையை எடுத்ததும் வேகம் பிடிக்கத் தாமதமாகும், தாளம் கவிழ்ந்துவிடும். மோட்டாரே நேரடியாகச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஐ டிஜேக்கள் கொண்டாடியது அதனால்தான்.

நீங்கள் கத்துவது என்கிற ராப் பற்றி ஒரே வரி. எதுகை தாளத்தின் எந்த அடியில் விழுகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எதுகையும் மோனையும் நம் வீட்டுச் சொத்து என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இதைக் கேட்கக் காதில்லை என்பது வேடிக்கைதான்.

இனி அந்த நோட்டு. உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கலையா என்று கேட்கிறீர்கள். இந்தப் பிள்ளைகள் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ரைட்டர் என்றுதான் சொன்னார்கள். அதாவது எழுத்தாளர். கிராஃபிட்டி என்ற சொல்லே வெளியிலிருந்து ஒட்டப்பட்டது என்று முகம் சுளித்த மூத்தவர்கள் உண்டு. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் டாக்கி 183 என்ற பையனைப் பற்றிச் செய்தி போட்டது. டாக்கி அவன் செல்லப்பெயர், 183 அவன் தெரு எண். பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காகச் சுற்றிய இடமெல்லாம் அதை எழுதிவிட்டு வந்தான். ஹெர்க்கின் பார்ட்டிக்கு இரண்டு வருடம் முந்தைய கதை இது. கிராஃபிட்டியை ஹிப் ஹாப்பின் பிள்ளை என்பார்கள், தவறு. ஒரே தெருவில் வளர்ந்த மூத்தது அது. இரண்டையும் ஒரே குடும்பப் படத்தில் நிற்கவைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில்தான்.

கண்ணகி நகரில் 2020இல் வரைந்தவை சுவரோவியங்கள். அனுமதியோடு, சாரத்தில் நின்று வரைந்தவை. நல்லவைதான். ஆனால் அவற்றைக் காட்டி இவனை அடிக்காதீர்கள். இவனுடைய பொருள் முகமல்ல, எழுத்து. அதிலும் ஒரே ஒரு சொல்.

அதற்கு மூன்று படிகள். ஒரே நிறத்தில், ஒரே மூச்சில் போடும் கையெழுத்து டேக். இரண்டு நிறத்தில், சில நிமிடங்களில் முடியும் உப்பிய எழுத்து த்ரோ-அப். பல நிறமும் நிழலும் பின்னணியும் சேர்ந்து மணிக்கணக்கில் ஆவது பீஸ். மாஸ்டர்பீஸ் என்பதன் சுருக்கம். புதியவர்கள் எல்லாரும் நேராக மூன்றாம் படியில் ஏறி விழுகிறார்கள். அம்புக்குறிகள் பாயும், எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னும், உள்ளே எலும்பு இருக்காது.

நீங்கள் அனுப்பிய பக்கத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. முதலில் ‘க’, கடைசியில் ‘கு’. இரண்டுக்கும் ஒரே உடம்பு. அப்படியானால் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டாமா? முதல் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, கடைசி எழுத்து பஸ்ஸில் தூங்குகிறவன்போல மேலே வந்து விழுகிறது. நடுவில் ‘ழு’வின் கீழ்ச்சுழி மெலிந்து, மேலே இருக்கும் எடையைத் தாங்காமல் தொங்குகிறது. கோட்டின் தடிமன் எழுத்து முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது ஒரு ஒழுங்கோடு மாற வேண்டும். நியூயார்க் பாணி ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகப் பிறந்தது. அவை எல்லாம் இரண்டு கோடுகளுக்குள் ஒரே உயரத்தில் நிற்கும், நேர்க்கால்கள் உண்டு. ‘ழு’ கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். அந்த இறக்கத்துக்கு இடம் விடாமல் அங்கிருந்து அம்புக்குறியை மட்டும் இரவல் வாங்கினால் இப்படித்தான் நொண்டும். அம்புகளை அழித்துவிட்டு, வெறும் கழுகை ஐம்பது முறை எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னால் கேட்கமாட்டான். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

டப்பா கைக்கு வந்தால் வேறு பாடம். உள்ளே இருக்கும் குண்டு தடையில்லாமல் கலகலக்கும்வரை இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். மெல்லிய கோட்டுக்கு டப்பாவின் மூக்கு சுவரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர், நிறம் நிரப்ப ஒரு சாண். கிட்டே வைத்து மெதுவாக நகர்த்தினால் வழியும், எட்ட வைத்தால் தூசியாகப் படியும். கை நகரத் தொடங்கிய பிறகே அழுத்த வேண்டும், நிற்பதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும். அசைவு தோளிலிருந்து வரட்டும். வழிந்தால் துடைக்கக் கூடாது, துடைத்தால் பரவும். காயவிட்டு, பின்னணி நிறத்தால் அந்த வழிசலை வெட்டிவிடலாம். முதலில் வெளிர்நிறக் கோட்டில் சட்டகம், பிறகு உள்நிறம், நிழல், பின்னணி, எல்லாவற்றுக்கும் பிறகு இறுதிக் கோடு. பூசிக் காயாத சிமெண்டுச் சுவரில் அடித்தால் நாளாக நாளாக உரியும். செங்கல் சுவர் பெயின்டைக் குடித்துவிடும். முதலில் ரோலரால் மலிவான எமல்ஷன் ஒரு பூச்சு. முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்தினால் மூக்கு அடைக்காது.

துணி முகமூடி உதவாது. தூசியைத்தான் தடுக்கும், கரைப்பானின் ஆவி உள்ளே போய்விடும். ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும். டப்பாவுக்கு முன்னால் அதை வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் பயமும் பொய்யில்லை. நியூயார்க்கில் ரயில் பெட்டிகளுக்குள் வரைபடத்தின்மேலும் ஜன்னலின்மேலும் டேக் போட்டு, எந்த நிறுத்தம் என்றே தெரியாமல் பயணிகளை அலைக்கழித்தார்கள். அவர்களுடைய எரிச்சல் நியாயமானது. 1983இல் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயது இளைஞர் சுரங்க ரயில் நிலையத்தில் சுவரில் எழுதியதாகக் கைது செய்யப்பட்டு, போலீஸ் பிடியில் நினைவிழந்து, அது திரும்பாமலே இறந்தார். விசாரிக்கப்பட்ட ஆறு காவலர்களும் விடுதலையானார்கள். ரயில் எழுத்தை ஒழித்தது தடியல்ல. துடைத்த பெட்டியில் மறுபடி எழுத்து விழுந்தால், அதை அழிக்கும்வரை அந்தப் பெட்டி ஓடாது என்று 1984இல் தொடங்கிய ஏற்பாடு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில். 1989 மே மாதம் எழுத்துள்ள கடைசி ரயிலும் போனது. தன் பெயர் ஊருக்குக் குறுக்கே ஓடுவதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பதுதான் எழுதியவனுக்குக் கூலி. அந்தக் கூலியை வெட்டினார்கள்.

கலையா என்ற உங்கள் கேள்விக்கு ஒரு நீதிமன்றமும் பதில் சொல்லியிருக்கிறது. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதப்பட்டவற்றை, 2013 நவம்பரில் முன்னறிவிப்பின்றி ஒரே இரவில் வெள்ளையடித்தார் அதே உரிமையாளர். 2018இல் 45 படைப்புகளுக்குத் தலா 1,50,000 டாலர், ஆகமொத்தம் 67,50,000 டாலர் கொடுக்க உத்தரவு. மேல்முறையீட்டிலும் அது நின்றது. சம்மதம் வாங்கிய சுவர் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பொது இடச் சுவர்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959லேயே சட்டம் உண்டு. கட்சிக்காரர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை, உங்கள் மகன் படிக்கட்டும். உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் உட்புறம் யார் சம்மதமும் வேண்டாத இடம். உங்கள் சம்மதம் போதும்.

இன்னும் நாலு பக்கம் படமெடுத்து அனுப்புங்கள். இந்த முறை அவனிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.