கட்டடக்காரர் பதில்கள்: புகைவீட்டில் குடியிருக்கலாமா?

கேள்வி: ஐயா, ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது என் மாமனார் இன்னும் நாலு பேரோடு சேர்ந்து நிலம் வாங்கினார். எங்கள் பங்கு மூன்று ஏக்கர். அதில் துரைமார் காலத்தில் ரப்பர் ஷீட்டைக் கம்பில் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய புகைவீடு ஒன்று நிற்கிறது. கனமான செங்கல் சுவர், உள்ளே மரத்தூண்கள், ஜன்னலே கிடையாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி, இரண்டு அறையை ஹோம்ஸ்டேக்கு விடலாம் என்கிறான் மகன். எனக்கு இடிக்க மனசு வரவில்லை. அதையே வீடாக மாற்ற முடியுமா?
வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இடிக்க வேண்டாம் தங்கச்சி. நானும் புகைவீட்டுக்காரர் மகன்தான், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனையோடுதான் பேசுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்துபோய் அடுப்பில் ரப்பர் விறகு தள்ளிவிட்டு வருவார். சூடு ஏறினால் ஷீட்டில் குமிழ் விழும், இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நாலைந்து நாள் கழித்து ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். தேன் நிறத்துக்கு நடுவே வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது மறுபடியும் கம்புக்குத்தான் போகும். அம்மா ஒருநாளும் அவர் சட்டையை எங்கள் துணியோடு சேர்த்துத் துவைத்ததில்லை.

அந்தப் புகைதான் உங்கள் சுவரிலும் இருக்கிறது. விரலால் தொட்டுப் பாருங்கள், மத்தியான வெயிலில் லேசாக ஒட்டும். அது வெறும் கரி இல்லை, தார். தொண்ணூறுகளில் இதே மாதிரி ஒரு கட்டடத்தை ஒருவருக்கு வீடாக்கிக் கொடுத்தேன். சிமெண்டு பூசி, இரண்டு கை வெள்ளைச் சாயம் அடித்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார். சுவர் முழுக்கப் பழுப்புக் கறை, தேநீர் கொட்டின மாதிரி. மேலும் ஒரு கை அடித்தேன். அதையும் தாண்டி வந்தது. கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

முதலில் சுவரை ஈரமாக்கிக்கொண்டு சுரண்டச் சொல்லுங்கள். காய்ந்த சுவரில் மெஷின் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, வேலைக்காரர்களுக்கு முகமூடி கட்டாயம். அப்புறம் சுடுதண்ணீரில் சலவைச் சோடா கலந்து கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஷெல்லாக் பிரைமர் அடிக்க வேண்டும். ஷெல்லாக் என்றால் நம் அரக்குதான். சாதாரணத் தண்ணீர்ச் சாயத்தால் தாரைத் தடுக்க முடியாது, அரக்கு தடுக்கும். படுக்கை அறைப் பக்கம் அதையும் நம்பாமல், பழைய சுவருக்கு உள்ளே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுப் பலகைச் சுவர் ஒன்று போடுங்கள். அந்த இடைவெளிக்கு மேலேயும் கீழேயும் காற்று போக வழி இருக்கட்டும். உள்ளே காற்றாடவில்லை என்றால் நாற்றம் அங்கேயே தங்கிவிடும்.

அடுத்தது கூரை. உச்சியில், புகை வெளியேறுவதற்காக நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். எங்கள் தோட்டத்தில் அதை முகட்டு வாய் என்போம். மழை வருமே, வௌவால் வருமே என்று எல்லாரும் முதல் வேலையாக அதைத்தான் அடைக்கிறார்கள். அடைக்கவே கூடாது! சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டிய கட்டடம் அது. வீட்டுக்கு வேண்டியது சூடு வெளியேறுவது. தரைக்கு ஓரடி மேலே சுவரில் தாழ்வாக ஜன்னல்கள் வெட்டினால் கீழே குளிர்ந்த காற்று நுழையும், சூடான காற்று தானாக மேலேறி முகட்டு வாய் வழியே போய்விடும். வாய்க்குக் கம்பி வலை, அதற்கு மேலே அகலமான தொப்பி, அவ்வளவுதான் செலவு. ஏர்கோன் வாங்க ஒதுக்கின பணத்தை ஜன்னலுக்குப் போடுங்கள்.

ஜன்னல் வெட்டும்போது அவசரப்படாதீர்கள். அந்தச் சுவருக்குள் கம்பி இருக்காது. உத்தரத்தை முதலில் ஏற்றி, இரு பக்கமும் அரையடியாவது உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் கீழே செங்கல்லை எடுக்க வேண்டும்.

கூரை சாம்பல் நிற அலைத்தகடாக இருந்தால் அது அஸ்பெஸ்டோஸாக இருக்கலாம். உடைக்கவோ துளை போடவோ வேண்டாம், அதற்கென்றே வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். தூண்கள் செங்கால் மரம் என்றால் (செங்கல் இல்லை, செங்கால், உறுதியான காட்டு மரம்!) அதிர்ஷ்டம்தான். ஸ்குரூடிரைவரால் அடிப்பாகத்தைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று போனால் அந்த அளவுக்கு மட்டும் அறுத்துவிட்டுக் கீழே கான்கிரீட் கட்டை கொடுக்கலாம், தூணையே மாற்ற வேண்டியதில்லை. ஷீட் தொங்கிய கம்புகளைத் தூக்கி எறியாதீர்கள், மாடிப்படிக் கைப்பிடிக்கு அதைவிட நல்ல மரம் கடையில் கிடைக்காது. ஒன்று மட்டும்: தார் ஊறிய மரம் சட்டென்று தீப்பிடிக்கும். புகைவீடுகள் எரிந்துபோன கதை இல்லாத தோட்டம் உண்டா? மின்கம்பி எல்லாம் இரும்புக் குழாய்க்குள் போகட்டும்.

சரி, காகிதங்கள். வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறிய காலம் அது. உங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். உங்கள் மாமனாரைப் போல வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கியவர்களின் கிராண்டில் (நிலப் பட்டாவில்) இன்றும் ஐந்தாறு பெயர் ஒன்றாகவே இருக்கும். பிரிக்காமல் இருந்தால் எல்லார் கையெழுத்தும், இறந்தவர்கள் இருந்தால் வாரிசுகள் கையெழுத்தும் வேண்டும். ஒரு கல்லை அசைக்குமுன் இதை முடியுங்கள். நிலம் விவசாயப் பிரிவில் இருந்தாலும் உடைமையாளர் தான் குடியிருக்க வீடு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஹோம்ஸ்டே என்றால் அது வியாபாரம். நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் தனியாகக் கேட்க வேண்டும். பிளான் போட பதிவு பெற்ற கட்டடக் கலைஞரைப் பிடியுங்கள். 2007-இலிருந்து வீடு குடியேறத் தகுந்தது என்ற சி.சி.சி. சான்றிதழைத் தருவது அவர்தான். மகனிடம் சொல்லுங்கள், முதலில் அம்மா குடியேறட்டும், விருந்தாளி அப்புறம் வரலாம்.

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டில் பலகைச் சுவரை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைக்கலாமா?
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: பலகையைத் தாங்கும் கட்டைக்கால் செங்கல்லைத் தாங்காது. புது அஸ்திவாரம் போட முடியாதென்றால் பலகையிலேயே இருங்கள். அழுகின பலகையை மட்டும் மாற்றி, தரையை ஒட்டி ஓரடிக்குச் சிமெண்டுப் பலகை அடியுங்கள், மழைச்சாரல் தெறிக்கிற இடம் அதுதான்.