ஹாலோவீன் ஸ்லைம்: பிள்ளைகளோடு செய்யலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வீட்டிலேயே ஸ்லைம் எனும் கொழகொழப்பான விளையாட்டுக் கலவை செய்ய வேண்டும் என்று என் 7 வயது மகளும் 3 வயது மகனும் கேட்கிறார்கள். அதில் சேர்க்கும் போராக்ஸ் பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்களே, செய்யலாமா?

பதில்: மகளோடு செய்யலாம், மகனுக்கு வேறொன்று செய்து கொடுங்கள். போராக்ஸ், அதாவது வெண்காரம், வயிற்றுக்குள் போகவே கூடாத பொருள். தோலிலும் எரிச்சல் உண்டாக்கக்கூடும். ஆகவே அதை அளப்பதும் கரைப்பதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் 1 தேக்கரண்டி போராக்ஸை, தூள் அடியில் தங்காதபடி முழுவதும் கரைத்துத் தனியே வையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் அரை கப் வெள்ளைப் பள்ளிப் பசை, அரை கப் நீர், சில சொட்டுப் பச்சை நிறம் ஆகியவற்றைக் கலக்கும் வேலையை மகளிடம் விடலாம். பிறகு நீங்கள் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊற்ற, அவள் கிளறிக்கொண்டே வந்தால், பசையிலுள்ள நீண்ட பாலிமர் (சங்கிலி போன்ற மூலக்கூறு) இழைகளை போராக்ஸ் கரைந்து உண்டாகும் போரேட் அயனிகள் ஒன்றோடொன்று பிணைப்பதால், கலவை திரண்டு கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலகும். அத்துடன் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சம் வீணாகிறதே என்று முழுவதையும் கொட்டினால் ஸ்லைம் ரப்பர் போல இறுகி, இழுத்தவுடன் அறுந்துவிடும்.

கான்டாக்ட் லென்ஸ் கரைசலில் செய்தால் பயமில்லை என்று சிலர் நம்புகிறார்கள். பசையைத் திரட்டும் கரைசல்களில் இருப்பதும் போரிக் அமிலமோ அதன் உப்போதான் என்பதால், அதற்கும் இதே கவனம் வேண்டும். 1976ஆம் ஆண்டு மேட்டல் என்ற பொம்மை நிறுவனம் சிறு குப்பைத்தொட்டி வடிவ டப்பாவில் விற்ற பச்சை ஸ்லைம்கூட, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்தை போராக்ஸால் திரட்டியதே.

மகனுக்கு, 2 பங்கு கார்ன் ஸ்டார்ச்சில் 1 பங்கு நீரும் ஆரஞ்சு நிறமும் கலந்து கொடுங்கள். அழுத்தினால் கெட்டியாகி, விட்டால் வழியும் இந்தக் கலவையில் போராக்ஸ் இல்லை. ஆனால் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். மாவு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஹாலோவீனுக்காகச் சேர்க்கும் பிளாஸ்டிக் சிலந்திகளும் கண்களும் அவன் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால் அவை மகளின் கிண்ணத்தோடு நிற்கட்டும். அன்று மாலை வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கிவரும் வழக்கம் இருப்பதால், இருவரும் மிட்டாயைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். கம்பளத்தில் ஸ்லைம் ஒட்டிக்கொண்டால் வெள்ளை வினிகரால் நனைத்துச் சற்று ஊறவிட்டால் இளகி வந்துவிடும்.