1493-ல் அச்சான வரலாற்று நூலை வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் அச்சான, உலக வரலாற்றைப் படங்களோடு சொல்லும் நியூரம்பர்க் வரலாற்று நூலின் லத்தீன் பிரதி ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். பழமைக்குத்தான் விலையா என்று கேட்கிறீர்கள். பழமை மட்டும் போதாது. ஆன்டன் கோபெர்கர் 1493-ல் அச்சிட்ட இந்த நூலின் பிரதிகள் இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் காலப் புத்தகத்துக்கு இது மிக அதிகம். ஆகவே விலையை முடிவு செய்வது முழுமைதான்.

தாள்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். மரக்கட்டை அச்சுப் படங்கள் மட்டும் 1,800-க்கு மேல் உண்டு. இரு பக்கம் விரியும் உலக வரைபடத்தைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்பவர்கள் உண்டு. அந்தக் கொடுமையை என்னால் மன்னிக்கவே முடியாது. வரைபடம் இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள், வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கலாம். இதற்குப் புழுத்துளையே சாட்சி. முன்தாளிலும் பின்தாளிலும் ஒரே இடத்தில் துளை இருந்து, நடுத்தாளில் மட்டும் இல்லையென்றால் அது பிற்பாடு வந்த தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கையால் செய்த காகிதத்தில் கம்பிச் சட்டத்தின் கோடுகள் தெரியும்.

படங்களில் வண்ணம் இருந்தால் அது அந்தக் காலத்திலேயே தீட்டியதா, பிற்காலத்துப் பூச்சா என்று விசாரியுங்கள். உலக முடிவு வரையிலான நிகழ்ச்சிகளை வாசகரே எழுதிக்கொள்ளச் சில தாள்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அங்கே பழைய கையெழுத்து இருந்தால் அழுக்கென்று ஒதுக்காதீர்கள். எனக்கு அது பொக்கிஷம்.

நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால், உரிமை வரலாறு எழுத்தில் கிடைக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.