மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டினார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

(கதை எழுதுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.)

*என் தங்கையின் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்குச் சற்று முன் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அதை நடந்தது நடந்தபடியே கதையாக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'நம்பும்படியாக இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. நடந்ததையே நம்பமாட்டார்கள் என்றால் வேறு எதைத்தான் எழுதுவது?*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா, 'உண்மையிலேயே நடந்தது' என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடும், கதையில் எடுபடாது. வாசகர் அந்தப் பந்தலில் இருந்தவர் அல்லர். நீங்கள் இருந்தீர்கள், அதனாலேயே பாதியைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். நமக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றே நமக்குத் தோன்றாது. எழுந்து போனவர்கள் வாசலில் செருப்பைத் தேடினார்களா? பந்தி எந்த நிலையில் இருந்தது? நாதஸ்வரக்காரருக்கு விஷயம் எப்போது தெரிந்தது? யாராவது கை காட்டி நிறுத்தும்வரை அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். 'அனைவரும் அதிர்ச்சியில் உறைந்தனர்' என்று நீங்கள் எழுதியிருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். கல்யாணக் கூட்டம் மொத்தமாக உறையாது. பாயசம் வரட்டும் என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேராவது இருந்திருப்பார்கள். அவர்களை எழுதுங்கள், நம்புவார்கள்.

அதைவிட முக்கியமானது, 'நடந்தபடியே' என்ற பிடிவாதத்தை விடுவது. 1824இல், பன்னிரண்டு வயதில், ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸை லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருந்த ஒரு ஷூ பாலிஷ் பட்டறைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கடனை அடைக்க முடியாத அப்பா மார்ஷல்சி சிறையில் இருந்தார். பாலிஷ் ஜாடிகளின் வாயைக் காகிதத்தால் மூடிக் கட்டி, லேபிள் ஒட்டுவது பையனுடைய வேலை. அப்பா வெளியே வந்த பிறகும் பையன் அங்கேயே திரும்பிப் போகட்டும் என்றார் அம்மா. அதைத் தன்னால் மறக்கவே முடியாது என்று டிக்கன்ஸ் பிற்காலத்தில் எழுதி வைத்தார். இந்தச் சங்கதியை நண்பர் ஃபார்ஸ்டரிடம் மனம் திறந்து சொன்னார்; ஊருக்குத் தெரிந்தது 1870இல் அவர் இறந்த பிறகு, ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான்.

ஆனால் 1849–50இல் தொடராக வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலிலேயே அது எல்லோருடைய கண் முன்னாலும் இருந்தது. பாலிஷ் ஜாடிகள் ஒயின் பாட்டில்கள் ஆகிவிட்டன. கடனாளி அப்பா, பையனுக்குத் தங்க இடம் கொடுக்கும் மிக்காபர் ஆகிவிட்டார். சிரிக்க வைக்கிற, யாருக்கும் பிடித்துப்போகிற மனிதர். அம்மாவோ, டேவிட் வேலைக்குப் போவதற்கு முன்பே இறந்துவிடுகிறாள், அதுவும் அன்பான அம்மாவாக. மறக்க முடியாத அம்மாவோடு டிக்கன்ஸ் செய்துகொண்ட சமரசம் அது என்று நான் நினைக்கிறேன். இவ்வளவையும் மாற்றியவர் ஒன்றை மட்டும் மாற்றவில்லை: படிக்க வேண்டிய வயதில் இங்கே உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறோமே என்ற அவமானம். அந்தப் பகுதியைத் தன்வரலாற்றுக்காக எழுதி வைத்திருந்த பக்கங்களிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்து நாவலில் சேர்த்துவிட்டார்.

உங்களிடமும் அந்த அவமானம் இருக்கிறது. அதைக் கல்யாணப் பந்தலில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. கூட்டுறவு வங்கி மேலாளர் அறையில் வைத்துப் பாருங்கள்.

*அம்மா இறந்ததைப் பற்றி ஒரு கதை எழுதினேன். எழுதும்போது அழுதுகொண்டே இருந்தேன். படித்துப் பார்த்த தோழிகள் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.*
– வாசகி, கும்பகோணம்

அழுகை முழுவதையும் நீங்களே அழுது தீர்த்துவிட்டால் அவர்களுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது, அம்மா?

நான் டிரங்க் கால் ஆபரேட்டராக, அதாவது வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவளாக, இருந்தவள். இரு முனையிலும் பேசுவது கேட்கிறதா என்று பார்க்கத் தொடக்கத்தில் சற்று நேரம் நாங்கள் காது கொடுத்தாக வேண்டியிருந்தது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஊரும் பேரும் இல்லாமல், இவ்வளவு காலம் கழித்து இதைச் சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு கிராமத்திலிருந்து பம்பாய்க்கு ஓர் அர்ஜென்ட் கால். இந்த முனையில் அண்ணன், அந்த முனையில் தம்பி. 'அப்பா போய்விட்டார்' என்றார் அண்ணன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் குறுக்கிட வாயைத் திறந்தபோது தம்பி கேட்டார்: 'காலையில் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டினார்கள்?' 'நான்தான்' என்றார் அண்ணன். அடுத்து எந்த ரயில், எங்கே இறங்குவது என்ற பேச்சு. மூன்று நிமிடம் முடிந்தது என்று சொன்னேன், நீட்டிக்கச் சொல்லவில்லை.

தினமும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர் யார் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும், எனக்கும் புரிந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பின்னொரு காலத்தில் நான் எழுதிய கதையில், வயலில் கணவன் விழுந்துவிட்டான் என்று ஓடி வந்து சொல்கிறவர்களிடம் மனைவி கேட்கிறாள்: 'மோட்டாரை நிறுத்தினீர்களா?' மாடும் இல்லை, பம்பாயும் இல்லை. அந்தத் தம்பியே இதைப் படித்திருந்தாலும் தன்னுடையது என்று கண்டுகொண்டிருக்கமாட்டார்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1892இல் லிதியா அவிலோவா என்ற எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். துயரப்படுகிறவர்களைப் பற்றி எழுதி வாசகரை இளக வைக்க வேண்டுமானால், எழுதுகிறவர் இன்னும் கொஞ்சம் குளிர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அப்போதுதான் அந்தத் துயரம் ஒரு பின்னணியின் மேல் எடுப்பாகத் தெரியுமாம். அழக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. வாசகருக்குத் தெரியாமல் அழச் சொன்னார். உங்கள் கதையில் 'கண்ணீர்', 'துக்கம்', 'இதயம்' என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, அம்மாவின் மாத்திரை டப்பாவை அன்று சாயங்காலம் யார் எடுத்து எங்கே வைத்தார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

*என் பெரியம்மாவை ஒரு கதையில் பாத்திரமாக்கினேன். பெயரையும் ஊரையும் மாற்றியும் கண்டுபிடித்துவிட்டார். பொங்கலுக்கு வீட்டுக்கு வரக் கூடாது என்கிறார். என்ன செய்வது?*
– வாசகர், சிவகங்கை

முதலில் பெரியம்மா வீட்டுக்குப் போய்க் காலில் விழுங்கள். இலக்கியத்தைப் பிறகு பார்க்கலாம்.

நம் வீடுகளில் மட்டும் நடக்கிற சண்டை இல்லை இது. செகாவின் நண்பர் லெவித்தான் பெரிய ஓவியர். 1892இல் வெளிவந்த செகாவின் ஒரு கதையில், மருத்துவரின் மனைவியோடு பழகும் ஓவியராகத் தன்னைக் கண்டுகொண்டு, மூன்று ஆண்டுபோலச் செகாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். நிஜத்தில் அவரோடு பழகிய மருத்துவரின் மனைவியும் கதையில் தன்னை அடையாளம் கண்டுகொண்டார். 'என் நாயகிக்கு இருபது வயது, அவருக்கோ நாற்பத்திரண்டு' என்ற பொருளில் செகாவ் வாதாடினார். வயதை மாற்றியவர், நிஜத்தில் இருந்தபடியே மருத்துவர் கணவரையும் ஓவியர் நண்பரையும் விட்டுவைத்தால் யார்தான் நம்புவார்கள்? குளிர்ந்து எழுதச் சொன்னவருக்கே இந்தக் கதி.

டிக்கன்ஸுக்கும் வந்தது. அதே காப்பர்ஃபீல்ட் தொடரில் மௌச்சர் என்று ஒரு குள்ளமான பெண் வருவாள்; அழகுபடுத்தும் தொழில், கொஞ்சம் விஷமமான பேச்சு. டிக்கன்ஸின் வீட்டுப் பக்கத்தில் அதே உருவமும் கை கால் நகங்களைப் பராமரிக்கும் தொழிலும் கொண்ட ஒரு பெண்மணி இருந்தார். மனம் நொந்து கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் மழுப்பவில்லை, ஓரளவு அவரைப் பார்த்து எழுதியதை ஒப்புக்கொண்டு, பின்வந்த பகுதிகளில் பாத்திரத்தையே திருப்பிவிட்டார். மௌச்சர் நல்லவளாகி, கடைசியில் ஒரு அயோக்கியனைப் பிடித்தும் கொடுக்கிறாள். கதையாகப் பார்த்தால் அந்தத் திருப்பம் ஒட்டவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் அவர் செய்தது சரி. தன் உடம்பை மாற்றிக்கொள்ள முடியாத ஒருவரின் உடம்பை எடுத்துக் கதைக்குப் போடக் கூடாது. குணத்தை எடுங்கள், அதை வேறு ஓர் உடம்பில் வையுங்கள். உங்கள் பெரியம்மாவின் கஞ்சத்தனத்தை ஒரு தாசில்தாருக்குக் கொடுத்திருந்தால் இந்தப் பொங்கலுக்கு உங்களுக்கு வடை கிடைத்திருக்கும்.

*எனக்கு இருபது வயது. வீடு, கல்லூரி, பஸ் தவிர எதையும் பார்த்ததில்லை. எதை வைத்து எழுதுவது?*
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871இல். அவர் எழுதிய போர் நாவல் 1895இல் புத்தகமாக வந்தபோது, இவர் போர்க்களத்தில் இருந்தவர்தான் என்று பலர் நம்பினார்கள். பழைய வீரர்கள் பத்திரிகையில் எழுதிய நினைவுக் குறிப்புகளை அவர் படித்திருந்தார். எந்தப் படை எங்கே நகர்ந்தது என்று எழுதுகிறார்களே தவிர, அப்போது மனதுக்குள் எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே என்பது அவருடைய எரிச்சல். பயம் அவருக்குத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. பஸ்ஸில் ஒருவன் நெருங்கி நிற்கும்போது உங்கள் கை பையின் வாரை எப்படிப் பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

*ஒரு அனுபவம் நடந்து எவ்வளவு காலம் கழித்து அதை எழுதலாம்?*
– வாசகர், சேலம்

அசோகமித்திரன் செகந்தராபாத்தில் 1947–48இல் கண்டவை '18வது அட்சக்கோடு' நாவலாக 1977இல் வந்தன. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். இன்னும் யாரையாவது பழிவாங்க வேண்டும் என்று தோன்றினால் நேரம் வரவில்லை.

*உங்கள் கதைகளில் அடிக்கடி வரும், கல்யாணம் ஆகாத அந்த ஆபரேட்டர் நீங்கள்தானே?*
– வாசகி, நாகர்கோவில்

இல்லை. எனக்குக் கணவரும் பிள்ளைகளும் உண்டு, பேரனுக்கு மீசை முளைத்துவிட்டது. இரவு ஷிப்ட் முழுக்க ஹெட்செட் மாட்டி உட்கார்ந்ததில் அவளுக்கு வந்த கழுத்துவலி மட்டும் என்னுடையது. அவள் காதலித்த லைன்மேன் யார் என்று கேட்டு இன்னொரு கடிதம் போட வேண்டாம்.